கரும்பு கடிக்கலாமா? உடனடிப் பல் இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பு கூடும் கதை

"இன்று ஆபரேஷன், மூன்றே நாளில் பல்" என்கிற மாதிரி விளம்பரம் உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். பல் விழுந்த இடத்தில் ஒரு ஸ்க்ரூ, அதன்மேல் ஒரு பல், அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று தோன்றும். நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் என் பெரியப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

பெரியப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருந்து ரிட்டையர் ஆனவர். கீழ்த்தாடையில் பின்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டிசம்பர் மூன்றாவது வாரத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அதன்மேல் பல்லும் வந்துவிட்டது. ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. இரண்டாவது வாரத்தில் வலி சுத்தமாக இல்லை. பொங்கல் வந்தபோது நான்காவது வாரம். வாசலில் கட்டியிருந்த கரும்பை உரித்து, வழக்கம்போல அந்தப் பக்கத்துப் பல்லாலேயே கடித்தார். அப்போதும் வலி இல்லை. பத்து நாள் கழித்து நாக்கால் தள்ளினால் பல் ஆடியது. கடைசியில் இம்ப்ளான்ட்டையே கழற்ற வேண்டியதாயிற்று. போன பணம் ஒரு பக்கம். மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியது இன்னொரு பக்கம்.

"வலியே இல்லையேம்மா, ஆறிடுச்சுன்னுதானே நெனச்சேன்" என்றார். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில்தான். ஈறு ஆறுவது வேறு, எலும்பு கூடுவது வேறு. வலி நின்றுபோகும் நாளும் எலும்பு தயாராகும் நாளும் ஒன்றல்ல. சீக்கிரமே பல் வைத்துக்கொண்டவர்கள் இந்த இடைவெளியைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும்.

இம்ப்ளான்ட் என்றால் என்ன?

இம்ப்ளான்ட் என்பது டைட்டானியம் உலோகத்தில் செய்த சின்ன ஸ்க்ரூ. பொதுவாகச் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனும் 10 மில்லிமீட்டர் நீளமும் இருக்கும். இது தாடை எலும்புக்குள் போய்ப் பல்லின் வேர் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் ஒரு இணைப்புத் துண்டு, அதற்கும் மேலே நாம் பார்க்கிற பல் வரும்.

இயற்கைப் பல்லுக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. நம் சொந்தப் பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்த் திசு இருக்கிறது. அது மெத்தை மாதிரி அழுத்தத்தைத் தாங்கும், உணர்ச்சியும் சொல்லும். சோற்றில் ஒரு சின்னக் கல் சிக்கினால்கூட உடனே வாய் நின்றுவிடுகிறதே, அது இந்த நார் செய்கிற வேலை. இம்ப்ளான்ட்டுக்கு அந்த மெத்தை கிடையாது. எலும்பு நேராக உலோகத்தைத் தொட்டுப் பிடிக்கிறது. அதனால் அதிகமாக அழுத்துகிறோம் என்ற எச்சரிக்கை சரியாக வருவதில்லை. பெரியப்பாவுக்குக் கரும்பைக் கடிக்கும்போது வலி தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

முயலில் ஆரம்பித்த ஆராய்ச்சி

எலும்பு உலோகத்தோடு இப்படிச் சேரும் என்பது முதலில் தற்செயலாகத் தெரியவந்தது. 1952-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் பிரானேமார்க், எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க முயல்களின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சின்னக் கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

1965-ல் கோத்தன்பர்க் நகரில் கோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகத் தாடையில் டைட்டானியம் இம்ப்ளான்ட்கள் வைக்கப்பட்டன. அவர் 2006-ல் இறந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த இம்ப்ளான்ட்கள் அவருக்கு உழைத்தன.

பிரானேமார்க் ஆரம்பத்தில் வகுத்த முறையில் அவசரத்துக்கு இடமே இல்லை. இம்ப்ளான்ட்டை எலும்பில் வைத்து, ஈறால் மூடித் தைத்துவிடுவார்கள். கீழ்த்தாடை என்றால் சுமார் மூன்று மாதம், மேல்தாடை என்றால் சுமார் ஆறு மாதம் எந்தப் பாரமும் இல்லாமல் விட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் பல்.

அந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியுமா என்ற கேள்விதான் இன்றைய உடனடிப் பல் வரை வந்து நிற்கிறது. இப்போது பல் மருத்துவத்தில் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் பல் வைத்தால் உடனடி முறை. ஒரு வாரத்துக்குப் பிறகு, இரண்டு மாதத்துக்குள் என்றால் முன்கூட்டிய முறை. இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்தால் வழக்கமான முறை. உங்களுக்குச் சொல்லப்படுவது எந்த முறை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு தகவல். டைட்டானியம் எங்கோ வெளிநாட்டில் மட்டும் கிடைக்கிற பொருள் இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட் என்ற கனிமம் இருக்கிறது. அது டைட்டானியத்தின் தாது. இந்த உலோகத்தின் சிறப்பு என்னவென்றால், காற்றுப் பட்ட உடனே அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும். எலும்பு செல்கள் வந்து உட்காருவது இந்தப் படலத்தின்மேல்தான்.

பிடிப்பு இரண்டு வகை

இம்ப்ளான்ட் வைத்த முதல் நாளே அது கெட்டியாக நிற்கிறது. எலும்பு கூட மாதக்கணக்கில் ஆகும் என்றால், முதல் நாள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது எது?

மரத்தில் ஸ்க்ரூ முடுக்குவதை நினைத்துப் பாருங்கள். ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் சின்னதாக ஓட்டை போடுவோம். முடுக்கும்போது அது இறுக்கிக்கொண்டு உள்ளே போகும். இம்ப்ளான்ட்டும் அப்படித்தான். முதல் நாள் பிடிப்பு முழுக்க முழுக்க ஸ்க்ரூவின் மரைக்கும் உங்கள் பழைய எலும்புக்கும் நடுவில் இருக்கிற இறுக்கம். இது இயந்திரப் பிடிப்பு. மருத்துவர்கள் இதை முதல்நிலைப் பிடிப்பு என்பார்கள்.

அதன் பிறகு உடம்பு புதிதாக எலும்பு செய்து இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஒட்ட வைக்கிறது. இது உயிர்ப் பிடிப்பு, அதாவது இரண்டாம்நிலைப் பிடிப்பு. பல வருஷம் பல்லைத் தாங்கப் போவது இதுதான்.

முதல் பிடிப்பு அப்படியே இருக்க, அதன்மேல் இரண்டாவது பிடிப்பும் வந்து சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தால் தவறு. முதல் பிடிப்பு நாளுக்கு நாள் குறைகிறது. இரண்டாவது பிடிப்பு மெதுவாக ஏறுகிறது. நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில். ஆபரேஷன் முடிந்த அன்று இருந்ததைவிட, ஒரு மாதம் கழித்து இம்ப்ளான்ட்டின் பிடி குறைவாக இருக்கலாம்! வலி இருக்காது, வீக்கம் இருக்காது, சாப்பிட ஆசை மட்டும் நிறைய இருக்கும். ஆபத்து அங்கேதான்.

பழைய எலும்பு ஏன் போகிறது?

எலும்பில் துளை போடும்போது ஓரத்தில் இருக்கிற மெல்லிய அடுக்கு எலும்பு காயப்படுகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் அறுபடுகின்றன. சூடும் உண்டாகிறது. எலும்பு 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிஷம் இருந்தாலே பாதிக்கப்படும் என்று 1980-களில் முயல்களில் நடந்த ஆய்வு காட்டியது. அதனால்தான் டாக்டர் துளை போடும்போது உப்புநீரை விடாமல் பீய்ச்சுகிறார், கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய ட்ரில்லுக்கு மாறுகிறார். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஓரத்து எலும்பு கொஞ்சம் அடிபடத்தான் செய்யும். இறுக்கி முடுக்கிய அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். அடிபட்ட எலும்பை உடம்பு அப்படியே விட்டுவைக்காது. அரித்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதிதாகக் கட்டும்.

இதைப் பெரியப்பாவுக்குப் புரியவைக்க நான் நெய்வேலியையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நெய்வேலித் திறந்தவெளிச் சுரங்கத்தில் முன்னால் ராட்சத வாளிச் சக்கர இயந்திரம் மேல்மண்ணை வெட்டிக்கொண்டே போகும். பழுப்பு நிலக்கரியை எடுத்த பிறகு, பின்னால் ஸ்ப்ரெடர் என்ற இயந்திரம் அந்த மண்ணைத் திரும்பக் குழியில் கொட்டிக்கொண்டே வரும். முன்னால் வெட்டு, பின்னால் நிரப்பு. சுரங்கம் நகர்வது இப்படித்தான்.

நம் எலும்புக்குள்ளும் இதே மாதிரி இரண்டு குழு வேலை செய்கிறது. முன்னால் போகிறவை எலும்பை அரிக்கும் செல்கள். அவற்றின் பெயர் ஆஸ்டியோகிளாஸ்ட். பின்னால் வருகிறவை எலும்பைக் கட்டும் செல்கள். அவை ஆஸ்டியோபிளாஸ்ட். வெட்டுகிற வேலை சீக்கிரம் நடக்கும். நிரப்பிக் கெட்டிப்படுத்துகிற வேலைக்கு நாள் பிடிக்கும். வெட்டி முடித்து, நிரப்பி முடிக்காத அந்த இடைக்காலம்தான் மேலே சொன்ன பள்ளம்.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பாவே முடித்துவைத்தார்: "கொட்டின மண்ணு மேல மறுநாளே எவனும் பாரம் ஏத்த மாட்டான்மா. மண்ணு படியணும்ல?"

அதேதான். மண் படிய வேண்டும்.

வாரம் வாரமாக என்ன நடக்கிறது?

கீழே உள்ள கணக்கு பொதுவானது. வயது, எலும்பின் தரம், உடல்நிலை, இம்ப்ளான்ட்டின் மேற்பரப்பு ஆகியவற்றைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும்.

*முதல் நாள் முதல் நான்காம் நாள் வரை:* மரைகளுக்கு நடுவில் உள்ள சின்ன இடைவெளியில் ரத்தம் வந்து உறைகிறது. இந்த ரத்தக்கட்டுதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். அதற்குள் புது ரத்தக் குழாய்களும் இளம் செல்களும் நுழைய ஆரம்பிக்கின்றன. புகைபிடிப்பதால் ரத்த ஓட்டம் குறைந்தால் அடி விழுவது இந்த வேலைக்குத்தான்.

*முதல் வாரம், இரண்டாம் வாரம்:* அவசரத்துக்குக் கட்டிய எலும்பு தோன்றுகிறது. பின்னல் எலும்பு என்று சொல்லலாம். நார்கள் ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடக்கும். வேகமாக வளரும், ஆனால் வலு குறைவு. கொட்டிய மண் மாதிரி. மரையின் நுனி அழுத்திக்கொண்டிருக்கும் இடங்களில் இதே நேரத்தில் பழைய எலும்பு அரிக்கப்படுகிறது.

*மூன்றாம் வாரம், நான்காம் வாரம்:* பழைய பிடி தளர்ந்து, புதிய பிடி இன்னும் முழுசாக வராத காலம். அதிகக் கவனம் தேவைப்படுவது இப்போதுதான். ஈறு பார்க்க நன்றாக ஆறியிருக்கும். அதை வைத்து எலும்பைக் கணிக்காதீர்கள்.

*ஐந்து முதல் எட்டு வாரம் வரை:* பின்னல் எலும்பு அடர்த்தியாகிறது. இம்ப்ளான்ட்டைத் தொடும் எலும்பின் அளவு கூடுகிறது. பிடிப்பு திரும்ப ஏறுகிறது.

*மூன்று மாதமும் அதற்கு மேலும்:* பின்னல் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக நீக்கப்பட்டு, அடுக்கடுக்கான முதிர்ந்த எலும்பு வருகிறது. பாரம் எந்தத் திசையில் விழுகிறதோ அதற்கு ஏற்றபடி எலும்பு தன்னைச் சீரமைத்துக்கொள்கிறது. இந்த வேலை ஒரு வருஷம் வரைகூட நடக்கும்.

எவ்வளவு அசைந்தால் ஆபத்து?

"அப்படியென்றால் பல்லே வைக்காமல் விட்டிருக்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். விஷயம் அவ்வளவு நேரானதில்லை. பாரம் என்றாலே எதிரி கிடையாது. அளவான அழுத்தத்தை எலும்பு தாங்கும். கேள்வி பாரத்தைப் பற்றியதல்ல, அசைவைப் பற்றியது.

இம்ப்ளான்ட்டுக்கும் எலும்புக்கும் நடுவில் நடக்கும் நுண்ணிய அசைவு ஒரு வரம்புக்குள் இருந்தால் எலும்பு வளரும். வரம்பைத் தாண்டினால், எலும்பாக வேண்டிய இளம் செல்கள் நார்த் திசுவாக மாறிவிடும். அந்த வரம்பு சுமார் 50 முதல் 150 மைக்ரான் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. 1,000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான் இருக்கும். அதாவது ஒரு முடியின் தடிமன் அளவுக்குத் திரும்பத் திரும்ப அசைந்தாலே காரியம் கெடலாம்!

நார்த் திசு வந்துவிட்டால் இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்புக்குப் பதில் மெத்தென்ற உறை உண்டாகும். பல் ஆடும். இதில் பல நேரம் பெரிய வலி இருக்காது. ஆடுகிற இம்ப்ளான்ட் தானாக இறுகிக்கொள்ளாது. எடுத்துவிட்டு, எலும்பு ஆறிய பிறகு மறுபடி வைப்பதுதான் வழக்கம்.

ஒன்று கவனியுங்கள். சில நேரம் இம்ப்ளான்ட் நன்றாக இருக்கும், மேலே உள்ள பல்லோ அதை இணைக்கும் குட்டி ஸ்க்ரூவோ மட்டும் தளர்ந்திருக்கும். அது எளிதாகச் சரிசெய்யக்கூடியது. அதனால் பல் ஆடினால் பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களே திருகிப் பார்க்க வேண்டாம்.

அப்படியானால் உடனடிப் பல் தவறா?

தவறில்லை. 2013-ல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, 1,217 பேரிடம் 2,120 இம்ப்ளான்ட்கள் வைத்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உடனே பல் வைத்தவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் தோல்வியில் பெரிய வித்தியாசம் இருப்பதாக உறுதியான சான்று கிடைக்கவில்லை.

ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுகளில் பொதுவாகத் தகுந்த ஆட்களைப் பொறுக்கி எடுத்துத்தான் உடனடிப் பல் வைக்கிறார்கள். முதல் நாள் பிடிப்பு போதவில்லை என்றால் அவர்களைக் காத்திருக்கச் சொல்வார்கள். உங்களுக்கும் அதே அளவுகோலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்று விஷயங்கள் முக்கியம்.

*ஒன்று, எலும்பின் தரம்.* கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு பொதுவாக அடர்த்தி அதிகம். மேல்தாடையின் பின்பகுதி பஞ்சு மாதிரி இருக்கும். தேக்கில் முடுக்கிய ஸ்க்ரூவும் முருங்கை மரத்தில் முடுக்கிய ஸ்க்ரூவும் ஒன்றாகுமா?

*இரண்டு, முடுக்கும்போது கிடைத்த இறுக்கம்.* இதை நியூட்டன் சென்டிமீட்டர் என்ற அளவில் கணக்கிடுவார்கள். உடனடிப் பல்லுக்கு 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்காவது இறுக்கம் வேண்டும் என்று பல மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள். ஐ.எஸ்.க்யூ என்று இன்னொரு அளவும் உண்டு. இம்ப்ளான்ட்டில் ஒரு சின்னக் காந்தத் துண்டைப் பொருத்தி, அதன் அதிர்வை வைத்து 1 முதல் 100-க்குள் மதிப்பெண் தருவார்கள். 70-க்கு மேல் என்றால் நல்ல பிடிப்பு. 60-க்குக் கீழ் என்றால் பொறுத்திருப்பது நல்லது. முதல் நாள் எடுத்த எண்ணைப் பிறகு வரும் எண்ணோடு ஒப்பிட்டால் எலும்பு எப்படிக் கூடுகிறது என்று தெரியும்.

*மூன்று, பல்லின்மேல் விழும் பாரம்.* முன்பல் ஒன்று மட்டும் என்றால், தற்காலிகப் பல்லை எதிர்ப் பல் தொடாதபடி கொஞ்சம் குட்டையாக வைப்பார்கள். அது பார்வைக்குத்தான், கடிப்பதற்கு இல்லை. முழு வரிசைப் பல் என்றால் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட இம்ப்ளான்ட்களை ஒரே கெட்டியான சட்டத்தால் பிணைப்பார்கள். ஒன்று அசைய நினைத்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். தனியாக நிற்கும் பின்பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் கிடைப்பது கஷ்டம். பாரமும் அங்கேதான் அதிகம். பெரியப்பாவின் பல் அந்த இடத்தில் இருந்த பல்தான்.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

இரண்டாவது முறை பார்த்த டாக்டர் பெரியப்பாவிடம் மூன்று கேள்வி கேட்டார். சர்க்கரை எவ்வளவு? புகையிலை உண்டா? எப்போதிலிருந்து கெட்டியானதைச் சாப்பிட்டீர்கள்? முதல் கேள்விக்கு அவரிடம் பதிலே இல்லை. கடைசியாகச் சர்க்கரை பார்த்தது ரிட்டையர் ஆன வருஷம். இப்போது பார்த்ததில் அதிகமாக இருந்தது. கரும்பு மட்டும்தான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. பல காரணம் சேர்ந்திருக்கலாம்.

• கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் காயம் ஆறுவதையும் எலும்பு கூடுவதையும் தாமதப்படுத்தும். கட்டுப்பாட்டில் இருந்தால் பெரும்பாலும் தடையில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டு போங்கள்.

• பீடி, சிகரெட் தோல்வி வாய்ப்பைக் கூட்டுகிறது. மெல்லும் புகையிலையும் வாய்க்கு எதிரிதான்.

• தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் சொல்லிவிடுங்கள். உங்களுக்குத் தெரியாமலே ராத்திரியில் இம்ப்ளான்ட் அசையும். இது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேளுங்கள்.

• எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்கள் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

டாக்டரிடம் கேட்க ஏழு கேள்விகள்

இந்தப் பகுதியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. எனக்கு உடனடி முறையா, முன்கூட்டிய முறையா, வழக்கமான முறையா? ஏன்?
2. என் எலும்பின் தரம் எப்படி? ஸ்கேனில் என்ன தெரிந்தது?
3. முடுக்கும்போது போதிய இறுக்கம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? (காத்திருக்கலாம் என்ற பதில் வந்தால் அது நல்ல பதில்.)
4. இப்போது வைக்கும் பல் தற்காலிகமா, நிரந்தரமா? எதிர்ப் பல்லைத் தொடுமா?
5. எந்தத் தேதி வரை அந்தப் பக்கம் மெல்லக் கூடாது? எழுதித் தருவீர்களா?
6. இம்ப்ளான்ட் சேராவிட்டால் மறுபடி வைக்கும் செலவு யாருடையது?
7. இம்ப்ளான்ட்டின் நிறுவனப் பெயர், அளவு, தயாரிப்புத் தொகுதி எண் உள்ள ஸ்டிக்கரைத் தருவீர்களா?

ஏழாவது கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் ஸ்க்ரூ தளர்ந்தால், அந்த ஸ்டிக்கர் இருந்தால்தான் எந்தக் கருவியால் திறப்பது என்று அங்குள்ள டாக்டருக்குத் தெரியும். பில்லோடு சேர்த்து வையுங்கள், போனில் போட்டோவும் எடுத்துவிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று மாதச் சாப்பாடு

உங்கள் டாக்டர் சொல்லும் தேதிதான் இறுதி. பொதுவான வழிகாட்டல் இது.

*சாப்பிடலாம்:* இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், தயிர் சாதம், கஞ்சி, பொங்கல், அவித்த முட்டை, மசித்த பருப்பு, முள் எடுத்த மீன், வாழைப்பழம். எலும்பு கட்டப் புரதம் வேண்டும். வெறும் கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள்.

*தள்ளிவையுங்கள்:* கரும்பு, முறுக்கு, தட்டை, கடலை உருண்டை, வறுத்த முந்திரி, கொய்யாக்காய், கறி எலும்பு, கொட்டைப் பாக்கு. பண்ருட்டிப் பக்கத்து ஆட்களுக்கு முந்திரியைத் தள்ளிவைப்பது கஷ்டம்தான். பொடித்துப் பாயசத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரஷ் படக்கூடாது என்று பயந்து பல் தேய்க்காமல் விடுவதும் தப்பு. அழுக்குப் படிந்தால் ஈறு வீங்கி, அதன் வழியாக எலும்புக்கும் பாதிப்பு வரும். முதல் சில நாளைக்கு டாக்டர் சொன்ன மவுத்வாஷ், பிறகு மென்மையான பிரஷ். கடித்தால் வலி, சீழ், குறையாத வீக்கம், ஆட்டம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

உங்களுக்கு உதவும் சேவைகள்

• *அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்:* நெய்வேலி, வடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு அருகில் இருப்பது சிதம்பரத்தில் உள்ள கடலூர் மாவட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி. சேத்தியாத்தோப்பு வழியாகப் பஸ்ஸில் போய்விடலாம். சென்னையிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. இம்ப்ளான்ட் சிகிச்சை, கட்டணம், காத்திருப்புக் காலம் ஆகியவற்றைப் புறநோயாளிகள் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்துக் கேட்கவும் போகலாம்.

• *சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை:* 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்த்துக்கொள்ளலாம். இம்ப்ளான்ட்டுக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

• *104:* மருத்துவ ஆலோசனைக்கான இலவசத் தொலைபேசி எண்.

• *1800-11-2356:* புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசிய இலவச எண்.

• *டாக்டரின் பதிவு:* பல் மருத்துவம் பார்ப்பவர் மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. தயங்க வேண்டாம்.

• *1915:* தேசிய நுகர்வோர் உதவி எண். விளம்பரத்தில் சொன்னது ஒன்று, கிடைத்தது ஒன்று என்றால் இங்கே சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். அதற்கு பில் வேண்டும். பில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

மனதில் வைக்க வேண்டியது

முதல் நாள் கெட்டியாக இருப்பது ஸ்க்ரூவின் பிடி. மூன்றாம் மாதம் கெட்டியாக இருப்பது எலும்பின் பிடி. ஒரு பிடி விட்டு இன்னொரு பிடி வரும் நடுவில் சில வாரங்கள் உண்டு. அந்த வாரங்களில் இம்ப்ளான்ட்டுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு உங்கள் வாய்க் கட்டுப்பாடுதான். உடனே பல் வைத்தார்கள் என்பதற்காக உடனே கடிக்க அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

பெரியப்பா சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, நான்கு மாதம் கழித்து மறுபடி இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை மேலே பல் வைக்க மூன்று மாதம் பொறுத்திருந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த தேதியைச் சமையல் அறை காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவைத்தார் பெரியம்மா. அந்த வட்டத்தைத் தாண்டித்தான் வீட்டில் முறுக்குச் சுட்டார்கள்.

இந்தப் பொங்கலுக்கும் வாசலில் கரும்பு கட்டினார்கள். இப்போது கடிக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இருந்தாலும் பெரியப்பா கத்தியை எடுத்துச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, எதிர்ப் பக்கமாகவே மென்றார். "மண்ணு படிஞ்சிருச்சு, தெரியும். ஆனாலும் ஒரு வருஷம் போகட்டும்மா" என்றார்.